விடியப் பிள்ளையை வெளிக்கிடுத்த படம் போட்ட லிஸ்ட் ஆப், ஆராவது பாவிச்சனீங்களோ?

துணுக்காய் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகன் இந்த வருசம்தான் தரம் 1. பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்குது, எங்கட ஒழுங்கைக்குள்ள வான் வராது, மெயின் றோட்டுக்கு நடந்து போய் நிக்கோணும், அப்ப ஏழுக்கு முதலே படலையைத் தாண்டியிருக்கோணும். இவர் வெள்ளன வயலுக்குப் போயிடுவார், எனக்கு மடியில சின்னவள் வேற. எழும்பு, பல்லைத் தீட்டு, முகத்தைக் கழுவு, உடுப்பைப் போடு, சாப்பிடு எண்டு தொண்டைத்தண்ணி வத்த நான் கத்திக்கொண்டு திரிய, அவன் ஒரு கால் மேஸோட திண்ணையில இருந்து பூனையோட கதைச்சுக்கொண்டிருப்பான். குளப்படிக்காரன் எண்டு சொல்லேலாது, சொன்னதைச் செய்வான், ஆனா ஒண்டை முடிச்சால் அடுத்தது என்னெண்டு தெரியாமல் அங்கயே நிண்டிடுவான்.

கனடாவில இருக்கிற மச்சாள் சொல்றா, அங்க ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம் போட்டு வரிசையா வைக்கிற ஆப் இருக்காம், பிள்ளை ஒண்டை முடிச்சிட்டுத் தானே அமத்தினால் சரி விழுந்து அடுத்த படம் வருமாம். கேக்க நல்லாத்தான் கிடக்கு. ஆனா தமிழில இருக்கோ, காசு கட்டோணுமோ, முக்கியமா விடியவே போனைக் கையில குடுத்தால் பல்லுத் தீட்டிற படத்தைப் பாப்பானோ யூடியூப்புக்குள்ள போயிடுவானோ? பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பரந்தன் சந்தி:

நான் பாவிச்சனான் தங்கச்சி, மகளுக்கு. முதல் சொல்லுறது என்னெண்டால் ஆப்போட வாற படங்களை அப்படியே பாவிக்காதேங்கோ. அதில பல்லுத் தீட்டிற பிள்ளை கண்ணாடிக்கு முன்னால வாஷ்பேசினில நிக்கும், காலமைச் சாப்பாடெண்டால் ஒரு கோப்பையில பாலும் சீரியலும் கிடக்கும். எங்கட பிள்ளை பல்லுத் தீட்டிறது கிணத்தடியில, சாப்பிடுறது புட்டோ பாணோ. மகள் அந்தப் படத்தைப் பாத்திட்டு "இது ஆர்" எண்டுதான் கேட்டவள். பேந்து அவளின்ர பிரஷ், அவளின்ர வாளி, கொடியில கிடக்கிற அவளின்ர வெள்ளைச் சட்டை, வாசல்ல கிடக்கிற சப்பாத்து எண்டு எங்கட வீட்டுச் சாமான்களையே போனில படமெடுத்துப் போட்டன். அதுக்குப் பிறகு ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லாமல் போச்சு.

தமிழைப் பற்றி யோசிக்காதேங்கோ. கன ஆப்பில குரல் பதியலாம், எழுத்து இங்கிலீசில இருந்தாலும் பறவாயில்லை. எங்கட வீட்டில அம்மம்மாதான் பதிஞ்சவா, "என்ர குஞ்செல்லே, மேஸைப் போடு பாப்பம்" எண்டு. நான் சொன்னால் கேளாதவள் அதுக்குள்ள இருந்து அம்மம்மா சொன்னால் சிரிச்சுக்கொண்டு போடுவாள் 😄

இன்னொண்டு, "வெளிக்கிடு" எண்டு ஒரு படம் வச்சால் வேலை நடக்காது. வெளிக்கிடுறதெண்டால் எங்களுக்கு ஒரு வேலை, ஆறு வயசுப் பிள்ளைக்கு அது உள்பெனியன், சேட்டு, கழுசான், மேஸ், சப்பாத்து. உங்கட மகன் ஒரு மேஸோட நிக்கிறதும் அதாலதான் போல.

முறிகண்டிக் காத்து:

எல்லாம் சரி அக்கா, வீட்டில எத்தினை போன்? எங்கட வீட்டில ஒண்டு, அதுவும் விடிய என்னோட வேலைக்கு வந்திடும். இரவு கரண்ட் போய்ச் சார்ஜ் இல்லையெண்டால் அண்டைக்குப் பிள்ளை பல்லுத் தீட்டாதோ? அதே படங்களைக் கொமினிகேஷன் கடையில குடுத்துக் கலர் பிரிண்ட் எடுத்து லமினேற் பண்ணிச் சுவரில ஒட்டினால் முடிஞ்சுது. ரீலோட் தேவையில்லை, விழுந்து உடையாது, சின்னவள் வாயில வச்சாலும் துடைச்சுப்போட்டுப் பாவிக்கலாம். ஆப் எண்டவுடன ஏதோ புதுச் சாமான் எண்டு நினைக்கிறம், உது பழைய அட்டவணைதான்.

புதுக்குடியிருப்பு ரீச்சர்:

நான் முன்பள்ளியில படிப்பிக்கிறன். தம்பி சொல்றது பாதி சரி, பழைய விசயம்தான். அமெரிக்காவில நோர்த் கரோலைனா பல்கலைக்கழகத்தில எரிக் ஷொப்ளர் 1972இல தொடங்கின டீச் எண்ட திட்டத்தில ஓட்டிசம் உள்ள பிள்ளையளுக்கு அன்றாட வேலையளைப் படவரிசையாக் காட்டிறது பெரிய பங்கு. அப்ப போனும் இல்லை ஆப்பும் இல்லை, அட்டைதான். இப்ப ஓட்டிசம் இல்லாத பிள்ளையளுக்கும் முன்பள்ளியளில பாவிக்கிறம்.

ஏன் வேலை செய்யுதெண்டால், நாங்கள் வாயால சொல்லுறது சொன்ன உடன போயிடும். அஞ்சு வேலையை ஒரே மூச்சில சொன்னால் பிள்ளைக்கு முதலாவதோ கடைசியோதான் மண்டையில நிக்கும். படம் அங்கயே இருக்கும், பிள்ளை திரும்ப வந்து பாக்கலாம். அதோட அம்மாவின்ர வாயில இருந்து வந்த கட்டளை சுவருக்குப் போயிடுது, "அம்மா கத்துறா" எண்ட சண்டை குறையும். நீங்கள் கேக்க வேண்டியது ஒரே கேள்வி, "அடுத்த படம் என்ன?" பல்லைத் தீட்டு எண்டு வாயால சொல்லிப்போட்டுப் படத்தையும் காட்டினால் பிள்ளை உங்கட வாயைத்தான் பாக்கும், படத்தை ஏன் பாக்கப் போகுது.

தொடங்கேக்க ரெண்டே படம் வையுங்கோ. முதல் இது, பிறகு இது. முதல் மேஸ், பிறகு பூனை. (பூனையை விட்டுடாதேங்கோ, உங்கட கையில இருக்கிற ஆகப் பெரிய சாமான் அதுதான்.) அது பழகினாப்போல நீட்டலாம். முடிச்ச படத்தைப் பிள்ளையே கழட்டி ஒரு உறைக்குள்ள போடோணும், ஆப்பெண்டால் தானே அமத்திச் சரி போடோணும். நீங்கள் போட்டுக் குடுத்தால் அது உங்கட லிஸ்ட்.

ஸ்ரிக்கர், நட்சத்திரம் எண்டு கன ஆப்பில புள்ளி சேர்க்கிற விளையாட்டு வருது. எனக்கு அதில விருப்பமில்லை. சப்பாத்துப் போட்டதுக்குப் புள்ளி குடுத்துப் பழக்கினால் புள்ளி இல்லாத அண்டைக்குச் சப்பாத்தும் இல்லை. இது என்ர அபிப்பிராயம், மற்ற ரீச்சர்மார் வேற மாதிரிச் சொல்லலாம்.

போனை நினைச்சுப் பயப்பிடுறீங்கள், நியாயம்தான். உலக சுகாதார நிறுவனம் 2019இல சொன்னபடி ஒரு வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 தொடக்கம் 4 வயசுக்கு நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம். உங்கட மகனுக்கு வயசு கூட, லிஸ்ட் பாக்கிறது நிமிசக் கணக்குத்தான். ஆனா மடியில இருக்கிற சின்னவளும் சேந்து பாப்பாள் எண்டதையும் யோசியுங்கோ.

வவுனியாப் பெடியன்:

அக்கா நான் போன் திருத்திற ஆள், ஆப் பக்கத்தை நான் சொல்லுறன். சொய்ஸ்வேர்க்ஸ் எண்டது பேர்போனது, ஆனா அது ஐபோன் ஐபாட் காரருக்கு, காசும் கட்டோணும். மச்சாள் சொன்னது அதுவாத்தான் இருக்கும். டீமோ எண்டு டென்மார்க் ஆக்களின்ர ஒண்டு இருக்கு, ஆனா சந்தா, உங்கட மகனுக்கு அவ்வளவு தேவையில்லை. அண்ட்ரொயிட்டில பிளே ஸ்ரோரில தேடினால் இலவசமா கனக்க வரும், எடுக்கேக்க பாக்க வேண்டியது மூண்டு விசயம்தான், சொந்தப் படம் போடலாமோ, சொந்தக் குரல் பதியலாமோ, டேட்டா இல்லாமல் ஓடுமோ. நடுவில விளம்பரம் பாயிறதெண்டால் உடன அழியுங்கோ, பிள்ளை சப்பாத்தை விட்டிட்டு விளம்பரத்தைத்தான் அமத்தும்.

யூடியூப் பயத்துக்கு வழி இருக்கு. செட்டிங்ஸில செக்கியூரிட்டிக்குள்ள ஆப் பின்னிங் எண்டு ஒண்டு கிடக்கும், அதைப் போட்டு, வெளிய வர பின் நம்பர் கேக்கிற மாதிரியும் செய்துவிட்டால் அந்த ஆப்பை விட்டு வேற எங்கயும் போகேலாது. ஐபோனில அதுக்கு கைடட் அக்சஸ் எண்டு பேர். டேட்டாவையும் நிப்பாட்டி விடுங்கோ. உடைஞ்ச கண்ணாடியோட பழைய போன் ஒண்டு அலுமாரிக்குள்ள கிடந்தால் அது காணும், சிம்மே வேண்டாம்.

படம் எடுக்கப் பஞ்சியெண்டால் அராசாக் எண்ட தளத்தில கோட்டுப் படங்கள் பத்தாயிரத்துக்கு மேல இருக்கு, ஸ்பெயினில அரகோன் மாநில அரசாங்கத்தின்ர, செர்ஜியோ பலாவோ எண்டவர் கீறினது. வியாபாரத்துக்கு இல்லாமல் சும்மா எடுக்கலாம். முறிகண்டி அண்ணையும் அதை எடுத்து லமினேற் பண்ணலாம் 😀

ஒட்டுசுட்டான் தாய்:

என்ர மகனுக்கு ஓட்டிசம். எங்களுக்கு இந்தப் படங்கள் வெளிக்கிடுத்திறதுக்கு மட்டுமில்லை, நாள் முழுக்கத் தேவை. ஒருத்தரும் சொல்லாத ஒண்டைச் சொல்லுறன், "இண்டைக்கு மாற்றம்" எண்டு ஒரு படம் கட்டாயம் வையுங்கோ. மாரியில வெள்ளம் நிண்டு பள்ளிக்கூடம் பூட்டினால், வான் வராட்டி, வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போறதெண்டால், அண்டைக்கு வழமையான வரிசை இல்லை. அதைச் சொல்லாமல் படத்தை மட்டும் மாத்தினால் அவனுக்கு அண்டைக்கு முழுக்கக் குழப்பம். நாங்கள் ஒரு நீலக் கடதாசி வச்சிருக்கிறம், அது வந்தால் இண்டைக்கு வேற மாதிரி எண்டு அவனுக்குத் தெரியும். அதையும் முதல்ல சந்தோசமான மாற்றத்துக்குத்தான் பழக்கோணும், ஐஸ்கிறீமுக்குப் போறது மாதிரி. ஊசி போடப் போற அண்டைக்கு முதன்முதலாக் காட்டினால் பேந்து அந்த நீலத்தைக் கண்டாலே கத்துவான்.

பிழை செய்தால் லிஸ்டைப் பறிக்கிறதும் வேண்டாம். பிள்ளை பிடிச்சுக்கொண்டு நிக்கிற கைபிடி அது, தண்டனைக்குப் பாவிக்கிற சாமானில்லை. துணுக்காய்த் தங்கச்சி, உங்கட மகன் கதைச்சுப் பேசி ஆக்களோட சேருறான் எண்டால் ஒண்டும் யோசிக்க வேண்டாம், அந்த வயசில கனபேர் அப்பிடித்தான். பேச்சிலயோ விளையாட்டிலயோ வேற ஏதும் உறுத்தினால் மட்டும் உங்கட குடும்பநல மருத்துவிச்சியிட்டச் சொல்லுங்கோ, அவ எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒப்பீசால ஆரிட்டப் போறதெண்டு காட்டிவிடுவா.

துணுக்காய் அம்மா:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கள் எண்டு நினைக்கேல்லை. கதைக்கிறதில குறையே இல்லை அக்கா, வாய் மூடமாட்டான் 😂 பழைய போன் ஒண்டு கிடக்கு, ஆனா முதல்ல கடதாசியிலயே தொடங்கப் போறன், மேஸ், சப்பாத்து, பூனை, மூண்டு படம். படம் எடுக்க அவனையே விட்டன், பூனையை மட்டும் பதினெட்டுத் தரம் எடுத்து வச்சிருக்கிறான். ஒரு கேள்வி, எங்க ஒட்டிறது? குசினியிலயோ படுக்கிற அறையிலயோ?

பரந்தன் சந்தி:

எல்லாத்தையும் ஒரு இடத்தில ஒட்டாதேங்கோ. மேஸும் சப்பாத்தும் எங்க போடுறானோ அங்க, அவன்ர கண் உயரத்தில, உங்கட கண் உயரத்தில இல்லை. கிணத்தடிப் படத்தை மழை நனைக்காத பக்கமாப் பாத்துக் கட்டுங்கோ. பாக்கை இரவே அடுக்கி வையுங்கோ, அது காலமை லிஸ்டில வரவே கூடாது.

முறிகண்டிக் காத்து:

லமினேற் பண்ணேக்க சுத்தி ஒரு விரல் அளவு விட்டு வெட்டச் சொல்லுங்கோ, ஓரத்தை ஒட்ட வெட்டினால் தண்ணி உள்ள போகும்.