டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்குப் பிறகு விந்தணு திரும்புவது: பார்த்ததைப் பகிருங்கள்

ஆண்ட்ராலஜி நர்ஸ்

ஹார்மோன் குறைவுக்கு டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டவர்கள், ஜிம்மில் யாரோ சொல்லிப் போட்டுக்கொண்டவர்கள் என்று இரண்டு வகையினரும் குழந்தைக்காக வரும்போது கையில் இருப்பது ஒரே ரிப்போர்ட்: விந்தணு பூஜ்யம். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைய இருக்கிறதே என்று குழம்புவார்கள். விந்தணு உருவாக விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி அனுப்பும் எல்.ஹெச். என்ற ஹார்மோன் வந்து தூண்டினால்தான் அது அங்கே சுரக்கும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி எல்.ஹெச்.சையும், விந்தணு உருவாகத் துணைபுரியும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனையும் அடக்கிவிடுகிறது. அதனால் "விந்தணு கவுன்ட் குறைவு, டெஸ்டோஸ்டிரோன் போட்டால் ஏறும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நேர் எதிராகத்தான் நடக்கும்.

திரும்ப எவ்வளவு நாள்? ஆண் கருத்தடை ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வந்த கணக்குப்படி, ஊசியை நிறுத்தியபின் மி.லி.க்கு 2 கோடி விந்தணு என்ற அளவை 6 மாதத்தில் 67%, 12 மாதத்தில் 90%, 24 மாதத்தில் எல்லோரும் எட்டினார்கள். ஆனால் அவர்கள் முன்பு நல்ல கவுன்ட் இருந்தவர்கள். பல வருடம் போட்டவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் இன்னும் தாமதமாகும். டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட் போல மெதுவாகக் கரையும் ஊசி என்றால் கடைசி ஊசி நாளிலிருந்து எண்ணக் கூடாது. மருந்து உடலைவிட்டுப் போகவே மாதங்கள் ஆகும்.

லேப் டெக்னீஷியன்

விந்தணு முழுதாக உருவாக ஏறத்தாழ 74 நாள். அதன்பின் முதிர்ந்து வெளிவரச் சில நாள். மாதாமாதம் டெஸ்ட் எடுத்து மனம் நோவதில் பயனில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, ஒவ்வொரு முறையும் அதே இடைவெளியில் கொடுங்கள். இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் சொல்லுங்கள், அதன் பாதிப்பு இரண்டு மூன்று மாதம் தெரியும்.

பூஜ்யம் என்று வந்தால், சாம்பிளைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அடியில் படிந்ததைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒன்றிரண்டு கிடைத்தாலும் அடுத்து செய்வது மாறிவிடும்.

ஹார்மோன் ரத்தம் காலை 7–10 மணிக்குள். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சில மெஷின்களில் அது டெஸ்டோஸ்டிரோனை ஏற்றியும் எல்.ஹெச்.சை இறக்கியும் காட்டும், ஊசி போட்டவர் ரிப்போர்ட் போலவே. ஊசியை விட்டபின் எஃப்.எஸ்.ஹெச். இயல்பைத் தாண்டி உயர்ந்திருந்தால் கோளாறு விரையிலேயே இருக்கலாம். அப்போது எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டையும் உயர்த்தும் க்ளோமிஃபீன் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. குரோமோசோம் டெஸ்டும் ஒய் குரோமோசோம் டெஸ்டும் தேவைப்படும்.

மருந்தாளுநர்

எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊசி எல்.ஹெச். வேலையைச் செய்யும். மீட்சிக்கு டாக்டர்கள் எழுதுவது பெரும்பாலும் 1500–3000 ஐ.யு., வாரம் இரண்டு அல்லது மூன்று முறை. தவறு நடப்பது கலக்கும்போது. 5000 ஐ.யு. பொடியில் 2.5 மி.லி. விட்டால் மி.லி.க்கு 2000. 1500 வேண்டுமானால் 0.75 மி.லி. சிவப்பு மூடி இன்சுலின் சிரிஞ்சில் (மி.லி.க்கு 40 கோடு) அது 30-ஆம் கோடு, ஆரஞ்சு மூடியில் (மி.லி.க்கு 100 கோடு) 75-ஆம் கோடு. சிவப்புக்குச் சொன்ன 30-ஐ ஆரஞ்சில் இழுத்தால் உள்ளே போவது 600 ஐ.யு.தான். சிரிஞ்சில் உள்ள யூனிட் இன்சுலினுக்கு உரியது. டோஸை எப்போதும் மி.லி.யில் எழுதி வாங்குங்கள்.

கூட வரும் சிறு ஆம்பூல் நீரில் பெரும்பாலும் கிருமித்தடுப்பு கிடையாது. அதில் கலக்கினால் உடனே போட்டு மீதியைக் கொட்டிவிட வேண்டும். பல நாளுக்கு வைக்க பென்சைல் ஆல்கஹால் சேர்ந்த நீர் வேண்டும், பிரிட்ஜில் 2–8 டிகிரியில். குலுக்காமல் மெல்ல உருட்டிக் கரையுங்கள்.

ஆண்ட்ராலஜி நர்ஸ்

மருந்தாளுநர் சார் சொன்னதோடு பக்கவிளைவையும் சேர்க்கிறேன். எச்.சி.ஜி.யில் எஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோனும் ஏறும். மார்புக்காம்பில் வலி, வீக்கம் வந்தால் உடனே எஸ்ட்ரடயாலைக் குறைக்கும் அனாஸ்ட்ரோசோல் மாத்திரையை அள்ளிப் போடாதீர்கள். முதலில் டோஸைப் பிரித்துக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எஸ்ட்ரடயால் அளவுக்கு மீறி இறங்கினால் மூட்டு வலி, ஆசைக் குறைவு, நாளடைவில் எலும்புத் தேய்மானம். க்ளோமிஃபீன் வழக்கமாக தினம் 25 மி.கி. பார்வை மங்கினாலோ மின்னல் போலத் தெரிந்தாலோ அன்றே நிறுத்திவிட்டுக் கண் டாக்டரைப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோனில் இருக்கும்போது ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54%-ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்துவார்கள். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால் அது உடனே இறங்காது.

நிறுத்திய முதல் வாரங்களில் சோர்வும் மனத்தளர்ச்சியும் கடுமையாக வரும். பலர் மறுபடி ஊசிக்கே போவது இந்தக் கட்டத்தில்தான். வீட்டில் இருப்பவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

மூன்று முதல் ஆறு மாதம் எச்.சி.ஜி. போட்டும் விந்தணு தென்படாவிட்டால் எஃப்.எஸ்.ஹெச். 75–150 ஐ.யு., வாரம் மூன்று முறை சேர்ப்பார்கள். செலவு அதிகம், எனவே முதல் நாளே கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் 24 மாதம் காத்திருக்காமல் இக்சி (ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் முறை) பற்றி இப்போதே பேசுங்கள். வாழ்நாள் முழுக்க டெஸ்டோஸ்டிரோன் தேவைப்படுபவர்கள், முதலில் கிடைக்கும் விந்தணுவை, கொஞ்சமே ஆனாலும், உறைநிலையில் சேமித்த பிறகுதான் மீண்டும் ஊசி தொடங்க வேண்டும்.