ஸ்பின் மூடியின் நாக்கு உடைந்துவிட்டது: ஒட்டுவதா, டைரக்ட் போடுவதா?

வேளச்சேரி வாசு:
11 வருஷத்து செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின், பால்கனி வெயிலிலேயே நிற்கிறது. ஸ்பின் மூடியின் கீல் ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு. மூடினால் அதுதான் உள்ளே சுவிட்சை அழுத்தும், பிரேக் கம்பியையும் இழுத்து விடுவிக்கும். அது முறிந்துவிட்டது. சூப்பர் க்ளூ போட்டு இரண்டு தடவை ஒட்டினேன். மறுநாளே பசை தோல் மாதிரி உரிந்து வந்தது. மூடி சுவிட்சும் பிரேக்கும் இல்லாமலே ஓடும்படி 300 ரூபாய்க்கு டைரக்ட் போட்டுத் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். போடலாமா?

ஸ்பேனர் மணி:
தாராளமாகப் போடுங்க சார். நானே நூறு மெஷினுக்குப் போட்டிருப்பேன். ஒயர் இரண்டையும் சேர்த்து முறுக்கி, பிரேக் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. பழைய மாடலுக்கு மூடி தேடி அலைவதெல்லாம் வீண்.

கரூர் அம்மு:
மணி அண்ணே, கட்டிவிட்டால் அப்புறம் பிரேக் எங்கே இருக்கு? செமியில் ஸ்பின் நிமிஷத்துக்கு 1300 சுற்று வாக்கில் ஓடும். 24 செ.மீ. அகலத் தொட்டி என்றால் ஓரத்துத் துணி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது. பிரேக் இருந்தால் மூடியைத் திறந்ததும் சில நொடியில் நிற்கும். இல்லாவிட்டால் டைமர் முடிந்த பிறகும் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் சித்தி, நின்றுவிட்டது என்று நினைத்துத் துண்டை இழுத்தார். துண்டு விரலில் சுற்றிக்கொண்டது. கட்டைவிரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. அந்த மெஷினும் டைரக்ட் போட்டதுதான்.

ஸ்பேனர் மணி:
நிற்கும் வரை கையை உள்ளே விடாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன் தங்கச்சி.

கரூர் அம்மு:
ஐந்து வயசுப் பிள்ளையிடமும் சொல்லிவிட்டு வருவீங்களா?

மோல்டிங் ராஜா:
சண்டை இருக்கட்டும். வாசு, முதலில் அது என்ன பிளாஸ்டிக் என்று பாருங்க. மூடியின் உள்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கலாம். இல்லையென்றால் உடைந்த துண்டைத் தண்ணீரில் போடுங்க. மிதந்தால் அநேகமாகப் பாலிப்ரொப்பிலீன். அதில் சூப்பர் க்ளூ பிடிக்கவே பிடிக்காது. மூழ்கினால் ஏபிஎஸ் ஆக இருக்கலாம். அதற்கு அசிட்டோன் போதும், விளிம்பைக் கரைத்து ஒன்றோடொன்று சேர்த்துவிடும்.

வேளச்சேரி வாசு:
மிதக்கிறது.

மோல்டிங் ராஜா:
அப்போ பசையை மறந்துவிடுங்க. சால்டரிங் அயர்னால் உருக்கித்தான் சேர்க்கணும். விரிசல் இன்னும் ஓடுகிறதென்றால் அதன் நுனியில் 2 மி.மீ. ஓட்டை போடுங்க, அங்கேயே நின்றுவிடும். பிறகு இரண்டு பக்கமும் விளிம்பைச் சாய்வாகச் சீவி, அதே ரகப் பிளாஸ்டிக்கில் மெல்லிய கீற்று வெட்டி உருக்கி நிரப்பணும். குறுக்கே ஸ்டேப்ளர் பின்னைச் சூடாக்கிப் புதைத்தால் இன்னும் உறுதி. 160 டிகிரியைத் தாண்டினாலே உருகும். அயர்ன் முனையோ 300க்கு மேல். புகை கிளம்பினால் பிளாஸ்டிக் கருகுகிறது என்று அர்த்தம். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்க.

ஸ்பேனர் மணி:
ராஜா சார் சொல்வது பக்கெட்டுக்குச் சரி. இந்த நாக்கு ஒவ்வொரு தடவை மூடும்போதும் ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளுகிறது. பதினோரு வருஷ வெயிலில் பிளாஸ்டிக்கே மொறுமொறு என்று ஆகியிருக்கும். ஒட்டுப் போட்ட இடம் தாங்கினாலும் அதற்குப் பக்கத்தில் விடும். எத்தனை பார்த்தாச்சு.

மோல்டிங் ராஜா:
அதில் மறுப்பு இல்லை. வெளுத்துப் பொடி உதிர்கிற பிளாஸ்டிக் என்றால் நானும் தொடமாட்டேன். ஆனால் வெல்டு விட்டால் மெஷின் ஓடாது, அவ்வளவுதான். டைரக்டில் மூடியைத் திறந்தாலும் மெஷின் நிற்காது. எது தேவலை?

ஸ்பேனர் மணி:
சரி, மூடி வாங்குவதென்றால் போட்டோ காட்டி வாங்காதீங்க வாசு சார். பழைய மூடியைக் கையோடு எடுத்துப் போங்க. நாக்கு இடப்பக்கமா வலப்பக்கமா, கீலுக்குக் கீல் எவ்வளவு தூரம், இரண்டும் ஒத்துப்போகணும். மாட்டித் தர நான் 150தான் வாங்குவேன்.

வேளச்சேரி வாசு:
விரலால் தேய்த்துப் பார்த்தேன், வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். அதுவரை துணியை என்ன செய்ய?

கரூர் அம்மு:
கையால் பிழிங்க அண்ணா. கை எதுக்கு இருக்கு?