வவுச்சர் ஸ்பெசிமன்: தமிழில் என்ன சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, தாவரம் சேகரிப்போருக்கான களக் கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உலர்த்திய செடிகளைச் சேர்த்துப் பாதுகாக்கும் ஹெர்பேரியத்துக்கு 'உலர்தாவரகம்' என்று போட்டாயிற்று. அதை மறுபடி கிளற வேண்டாம். சிக்கல் வவுச்சர் ஸ்பெசிமனில். ஓர் ஆய்வில் இன்ன செடி என்று எழுதுகிறோம். அது அந்தச் செடிதானா என்று பின்னாளில் யாரும் எடுத்துப் பார்க்க, அழுத்தி உலர்த்தி எண்ணிட்டு வைப்பது அது. 'சான்று மாதிரி' என்று எழுதியிருக்கிறேன். மேலான சொல் உண்டா?

புலவர்:
மாதிரி என்றால் ஒன்றைப் போலச் செய்தது. பிளாஸ்டிக் இலையும் மாதிரிதான். இங்கே இருப்பதோ அசல் செடி. சாட்சிக்குப் பழஞ்சொல் கரி: 'இந்திரனே சாலுங் கரி' (குறள் 25). கிளைக்குக் கொப்பு. இரண்டையும் சேர்த்தால் கரிக்கொப்பு. நாவில் நிற்கும்.

தாவரவியல் ஆசிரியர்:
ஐயா, சீட்டில் கரிக்கொப்பு என்று இருந்தால், உலர்த்தும்போது சூடு மிஞ்சிக் கருகிவிட்டது என்றுதான் என் மாணவர்கள் நினைப்பார்கள். கொப்பும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மரத்தில் பூவோ காயோ உள்ள கிளையை வெட்டுகிறோம். புல்லை வேரோடு எடுத்து, நீளமாக இருந்தால் மடித்து வைக்கிறோம். பாசிக்கு ஏது கொப்பு?

புலவர்:
> புல்லை வேரோடு எடுத்து
புல் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்பது தொல்காப்பிய மரபியல். வெளியே வைரம் பாய்ந்த பனையும் தென்னையும் புல்லினம். ஓலை, மடல், ஏடு, இதழ் புல்லுக்குரிய சொற்கள்; இலை, தளிர், முறி மரத்துக்குரியவை. எனவே மரக்கிளையை ஏட்டில் ஒட்டுக என்று கையேடு சொன்னால் அது மரபு வழு.

மொழிபெயர்ப்பாளர்:
ஏடு என்று நான் எங்கும் எழுதவில்லை ஐயா. தாள் என்றுதான் இருக்கிறது.

புலவர்:
தாள் நெற்பயிரின் அடித்தண்டு. அதுவும் புல்லே.

களப்பணி செய்பவர்:
காட்டில் எல்லாரும் வவுச்சர் என்றுதான் சொல்கிறோம். அப்படியே போடக் கூடாதா?

மொழிபெயர்ப்பாளர்:
கணக்குப் பிரிவில் பணம் வாங்க நீட்டும் சீட்டுக்கும் அதே பெயர். முதன்முறை படிப்பவர் குழம்புவார்.

தாவரவியல் ஆசிரியர்:
பெயரைவிடக் குறிப்புச் சீட்டுப் பகுதியை ஒருமுறை பாருங்கள். பூவின் நிறம் உலர்ந்தால் போய்விடும். மரத்தின் உயரம், பட்டை, மணம், வெட்டினால் பால் வடிந்ததா என்பதெல்லாம் தாளில் ஒட்டிய கிளையில் தெரியாது. பறித்த இடத்திலேயே எழுதாவிட்டால் போனது போனதுதான். அப்புறம், டூப்ளிகேட்டுக்கு 'படி' என்று போட்டிருக்கிறீர்கள். அது நகல் அல்ல. ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஒரே இனத்திலிருந்து எடுத்து, ஒரே சேகரிப்பு எண் கொடுத்து வேறு உலர்தாவரகங்களுக்கு அனுப்புவது. 1943 மார்ச்சில் பெர்லின் உலர்தாவரகம் குண்டுவீச்சில் எரிந்தபோது மூல மாதிரிகள், அதாவது ஓர் இனத்தின் பெயருக்கே ஆதாரமான மாதிரிகள், ஏராளமாக அழிந்தன. அவற்றில் பலவற்றுக்கு வேறு ஊர்களில் இருந்த இந்த இரட்டைகள்தான் பின்னால் கைகொடுத்தன. புலவர் ஐயா மன்னிக்க, உண்மையில் கரியானவை பெர்லினில் எரிந்தவைதாம்.

புலவர்:
நகையாடுக. 'சாலும்' என்பதன் வேராகிய சால் என்பதிலிருந்தே சான்றும் பிறந்தது. உங்கள் சொல்லும் என் குறளுக்குள்தான் இருக்கிறது.

களப்பணி செய்பவர்:
அப்படியானால் சான்று என்பதில் ஐயாவுக்கும் உடன்பாடு. சண்டை மாதிரியோடு மட்டும். 'சான்றுத் தாவரம்' என்றால்?

தாவரவியல் ஆசிரியர்:
காளானும் இதே முறையில்தான் சேர்க்கப்படுகிறது. அது தாவரம் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்:
இரவு நெடுநேரமாகிவிட்டது. 'சான்று மாதிரி' இருக்கட்டும். 'படி'யை 'இரட்டை' என்று மாற்றிவிட்டேன். கரியைச் சொல்லடைவிலும் சேர்க்கவில்லை, பொறுத்தருள்க.

புலவர்:
பெரும்பான்மை இலக்கணம் ஆகாது. சான்று மாதிரி என்றதும் சான்றிதழின் மாதிரிப் படிவத்தைத்தான் எவரும் கேட்பார். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். மூல மாதிரி என்று வேறு ஒன்று கண்ணில் பட்டது. அதைப் பற்றி நாளை எழுதுகிறேன்.