ஸ்லட்ஜ் பெட்: மேலே வெடிக்கிறது, அடியில் கூழாகவே நிற்கிறது

விஷாரம் ஈடிபி:
மேல்விஷாரம் பக்கம் க்ரோம் டேனரி (க்ரோமியம் உப்பால் தோல் பதனிடும் ஆலை), அதன் ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) எங்களுடையது. ப்ரைமரி க்ளாரிஃபையர் (கழிவுநீரை முதலில் தெளியவிடும் தொட்டி) அடியில் படியும் ஸ்லட்ஜில், அதாவது கழிவுச் சேற்றில், கெட்டி (திடப்பொருள்) 3 சதவீதம்தான். அதை அப்படியே மணல் பெட்டில் (தண்ணீர் வடிந்து காய மணல் பரப்பிய பாத்தி) 40 செ.மீ. உயரத்துக்கு விடுகிறோம், சேற்றைத் திரட்டித் தண்ணீரைப் பிரிக்கும் பாலிமர் போடுவதில்லை. மூன்று வாரம் கழித்தும் மேலே ஏடு கட்டி வெடித்திருக்கிறது, அடியில் கால் புதைகிறது. கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்குக்கு எடை போட்டு அனுப்புவதால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு போகிறது. பாய்லர் சூட்டில் உலர்த்தலாமா?

பாலாறு:
40 ரொம்ப அதிகம் சார், 20லிருந்து 25 செ.மீ.க்குள் நிறுத்துங்கள். என்னதான் வேலூர் வெயில் என்றாலும் மேலே ஏடு கட்டிவிட்டால் அடி ஈரம் ஏறி வராது. பெரும்பகுதித் தண்ணீர் முதல் இரண்டு நாளில் மணல் வழியாக இறங்கிவிட வேண்டும். வடிகுழாயில் மறுநாளே ஒழுக்கு நின்றால் மணல் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மேல் மணல் 3 செ.மீ. வழித்தெடுத்து, கழுவிய கரடு மணல் போடுங்கள். கேக் (காய்ந்த ஸ்லட்ஜ்) அள்ளும்போதெல்லாம் மணலும் கூடவே போகும். மணல் ஆழம் 15 செ.மீ.க்குக் கீழே போக விடாதீர்கள்.

பாலிமர் கட்டாயம் வேண்டும். 100 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மெதுவாகத் தூவி, முக்கால் மணி நேரம் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் மீன்கண் மாதிரி உருண்டை கட்டி வீணாகும். அரை லிட்டர் ஸ்லட்ஜில் அந்தக் கரைசலை 5 மி.லி. வீதம் விட்டு, இரண்டு பீக்கரில் மாற்றி மாற்றி ஊற்றிப் பாருங்கள். கட்டிகளுக்கு நடுவே தெளிந்த தண்ணீர் தெரியும் அளவே போதும். கேட்டயானிக் (நேர்மின்), அனயானிக் (எதிர்மின்) பாலிமர் இரண்டையும் சோதியுங்கள். பாலிமர் அளவு கூடிப்போனால் வழவழவென்று மணலை மூடிவிடும்.

லேப் கெமிஸ்ட்:
பாய்லர் சூடு வேண்டவே வேண்டாம். ஸ்லட்ஜில் உள்ள சுண்ணாம்புக் காரத்தோடு சூடும் காற்றும் சேர்ந்தால் மூன்று இணைதிறன் க்ரோமியம் ஆறு இணைதிறனாக மாறும். அது தண்ணீரில் கரையும், புற்றுநோய் தரும்.

கணக்கைப் பாருங்கள்: 20 சதவீதக் கெட்டியில் 10 டன் இருப்பது, 40க்கு வந்தால் 5 டன். 40, 50 சதவீதத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் காய்ந்தால் அள்ளும்போது க்ரோமியம் தூசி பறக்கும்.

விஷாரம் ஈடிபி:
நன்றி சார். ஐப்பசி மழைக்கு என்ன செய்வது?

பாலாறு:
பாலிகார்பனேட் கூரை போடுங்கள், பக்கங்களைத் திறந்தே விடுங்கள். ஈரக் காற்று வெளியேறாவிட்டால் கூரைக்குள் வேர்த்து மறுபடி சொட்டும். பெட் தரை கான்கிரீட்தானா என்று பாருங்கள், இல்லையென்றால் க்ரோமியம் கிணற்றுக்குப் போகும். வடிநீரை ஈக்வலைசேஷன் டேங்குக்கே (வரும் கழிவுநீரைச் சேர்த்துக் கலக்கும் முதல் தொட்டி) திருப்புங்கள்.

மழைக்காலம் முடியட்டும் என்று ஈர ஸ்லட்ஜைத் தொட்டியில் தேக்கவே தேக்காதீர்கள். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் ஸ்லட்ஜ் தொட்டிச் சுவர் உடைந்து 10 பேர் இறந்தார்கள். சட்டப்படியும் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு இருக்கும், யாரையும் இறக்காதீர்கள்.