டான்யூப் கரையோரம் சைக்கிளில்: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். வரும் செப்டம்பரில் நானும் மனைவியும் ஜெர்மனியின் பாசாவிலிருந்து வியன்னா வரை டான்யூப் ஆற்றோரமாகவே சைக்கிளில் போகலாம் என்றிருக்கிறோம். வழிகாட்டி, குழு எதுவும் கிடையாது. 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆற்றின் போக்கிலேயே போவதால் ஏற்றம் அதிகமிருக்காது என்பதுதான் எங்களுக்குத் தைரியம்.

குழப்பம் என்னவென்றால், பெரும்பாலான தூரம் இரண்டு கரையிலும் பாதை இருக்கிறது. ஷ்லோகென் பக்கம் ஆறு மலையைச் சுற்றி அப்படியே திரும்பி வருகிறதே, அங்கே எந்தக் கரை நல்லது? வடகரை என்றால் நடுவில் படகு பிடிக்க வேண்டுமாம். செப்டம்பர் கடைசியில் அது ஓடுமா?

மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையுள்ள வாக்காவ் பள்ளத்தாக்குக்காகத்தான் மனைவி இந்தப் பயணத்துக்கே சம்மதித்தாள். திராட்சை அறுவடை நேரம் வேறு. அங்கே மட்டும் அவசரப்படாமல் ஓட்ட ஆசை. லின்ட்ஸ் நகரத்தை ரயிலில் தாண்டினாலும் எனக்கு வருத்தமில்லை (லின்ட்ஸ் பிரியர்கள் மன்னிக்கவும்).

பெட்டிகளை விடுதிக்கு விடுதி கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவைக்குக் காசு கொடுக்கலாமா, கேரியரில் மாட்டும் பைகளே போதுமா? மனைவிக்கு மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறோம். சின்ன விடுதிகளில் ராத்திரி சார்ஜ் போட விடுவார்களா? அறைகளை முன்பதிவு செய்யாமலே போனவர்கள் யாராவது இருந்தால் அவசியம் எழுதுங்கள்.