47 வயதில் நேபாளம் போகலாமா?

ராணிப்பேட்டைக்காரன்:
தோல் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர், வயது 47. பீர்கஞ்சில் ஒரு வேலை வருகிறது, மாதம் 80,000 என்கிறார்கள். வீட்டில் அரை மனசு, பெண் பிளஸ் டூ படிக்கிறாள். விசா, வீடு, பி.எஃப். எல்லாம் எப்படி?

காட்பாடி ஜங்ஷன்:
அண்ணே, 80,000 எந்த ஊர் ரூபாய்? நம்ம 100 அங்கே 160, அவங்க ரூபாய் என்றால் கைக்கு 50,000தான். விசா வேண்டாம், இந்தியா-நேபாளம் 1950 ஒப்பந்தம் இருக்கிறது. விமானத்தில் போனால் பாஸ்போர்ட் இல்லையென்றால் வாக்காளர் அட்டை, ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பிடாதீங்க.

ராணிப்பேட்டைக்காரன்:
கேட்டுவிட்டேன், நேபாள ரூபாய்தானாம்! இங்கேயே 42 ஆயிரம் வாங்குகிறேன்.

பாலாற்று மணல்:
அப்போ கம்பெனி செலவில் தங்குமிடம் கேளுங்க சார். அங்கே நம்ம பேரில் நிலம் வாங்க முடியாது, அதனால் இங்கே உள்ள வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுங்க. பி.எஃப்.பில் 10 வருஷம் முடிந்திருந்தால் 58ல் பென்ஷன் உண்டு, அவசரப்பட்டு வழித்து எடுக்காதீங்க.

கோட்டை அகழி:
நேபாளம் என்றதும் பனிமலை என்று அண்ணியிடம் ஆசை காட்டாதீங்க, பீர்கஞ்ச் சமவெளி, மே மாதம் வேலூருக்குச் சளைக்காமல் காயும். பீகார் எல்லை ஊரான ரக்சௌலில் இறங்கினால் குதிரை வண்டியிலேயே எல்லை தாண்டலாம். பாப்பா பரீட்சை முடியட்டும், அதுவரை தனியாகப் போய்ப் பாருங்க.