நாய்க்குத் தைராய்டு குறைவு: உங்கள் வீட்டில் எப்படித் தெரிந்தது?

எங்கள் லாப்ரடாருக்கு அப்போது ஏழு வயது. சாப்பாடு பழைய அளவுதான், எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பான், எழுந்து வரமாட்டான். வயதாகிவிட்டது என்றார்கள். ஏழு வயதில் அப்படி என்ன கிழடு? அப்புறம் வாலில் முடி கொட்டியது. விலாவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி மெலிந்து தோல் கறுத்தது. ஆனால் சொறியவே இல்லை. டாக்டர் பிடித்துக்கொண்டது அதைத்தான். தெள்ளுப்பூச்சி, ஒவ்வாமை என்றால் நாய் சும்மா இருக்காதே!

ரத்தப் பரிசோதனையில் டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) குறைவு, டிஎஸ்ஹெச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) அதிகம், கொலஸ்ட்ராலும் எகிறியிருந்தது. குறைந்த ஹார்மோனை ஈடுகட்ட லெவோதைராக்ஸின் மாத்திரை, ஆயுள் முழுக்க. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, “நாய்க்கா இவ்வளவு?” என்று டாக்டருக்கே போன் போட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நாயின் குடல் இந்த மருந்தைக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும், உடலும் சீக்கிரம் வெளியேற்றிவிடும். அதனால் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் வீதம் காலையும் இரவும் கொடுக்கச் சொன்னார்கள். 30 கிலோ நாய்க்கு வேளைக்கு 0.6 ஆகிறது. மனிதர்களில் பெரியவர்கள் பலருக்கு நாள் முழுவதற்குமே 0.1 மில்லிகிராம் போதும்.

சில நாளிலேயே ஆள் எழுந்து நடமாடினான். முடிதான் மாதக்கணக்கில் இழுத்தது. நடுவில் பழைய முடியெல்லாம் கொட்டி, முன்பைவிட மோசமாகத் தெரிந்தான். அந்தக் கட்டத்தில் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

*

அக்கா, எங்கள் கதை நேர்மாறு. எங்கள் நாய்க்கும் டி4 குறைவு என்றுதான் வந்தது. ஆனால் தோல் ஒவ்வாமைக்கு ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. ஸ்டீராய்டு, வலிப்புக்குக் கொடுக்கும் பினோபார்பிட்டால், வேறு ஏதாவது பெரிய நோய், எது இருந்தாலும் டி4 இறங்கிக் காட்டுமாம். கிரேஹவுண்ட் மாதிரி இனங்களுக்குப் பிறவியிலேயே குறைவாகத்தான் இருக்குமாம். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, இடைவெளி விட்டு, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4), டிஎஸ்ஹெச் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஒரே ஒரு எண்ணை வைத்து ஆயுளுக்கும் மாத்திரை போட ஒத்துக்கொள்ளாதீர்கள் என்பேன்.

*

மேலே அக்கா சொல்லாமல் விட்டது ஒன்று: மறுபரிசோதனை. அளவு சரியா என்று பார்க்க, மாத்திரை கொடுத்து 4 முதல் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை, அதனால் ஒருமுறை எடுத்த ரத்தம் வீண். சாப்பாட்டோடு கொடுத்தால் மருந்து குறைவாகச் சேரும். வெறும் வயிறோ, சாப்பாட்டோடோ, தினமும் ஒரே மாதிரி கொடுங்கள். நிறையத் தண்ணீர் குடித்து, காரணமில்லாமல் இளைத்து, இருப்புக்கொள்ளாமல் அலைந்தால் அளவு கூடிவிட்டதோ என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.